அடுக்குமாடி வீட்டில் முள்ளெலி வளர்க்கலாமா? மகள் விடாமல் கேட்கிறாள்

செந்தூல்_அப்பா எழுதியது:

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். கடைசி மாடி. மாலை வெயில் நேராக வரவேற்பறையில் விழும். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பேரங்காடியில் உள்ள செல்லப்பிராணிக் கடையில் ஆப்பிரிக்க முள்ளெலிக் குட்டியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான்.

நாய் வளர்க்க எங்கள் குடியிருப்பு நிர்வாகம் அனுமதிப்பதில்லை. பூனை வந்தால் மனைவிக்குத் தும்மல் நிற்காது. முள்ளெலிக்கு முடியே கிடையாது, சத்தமும் போடாது, கையளவுதான் இருக்கும் என்று மகள் வாதாடுகிறாள். கடைக்காரர் ஒரு குட்டி 200 வெள்ளி (ரிங்கிட்) என்றார். தனியாக விட்டால் ஏங்கிப்போய்விடும், ஜோடியாக எடுத்தால் 350 வெள்ளிக்குத் தருகிறேன் என்றும் சொன்னார். கூண்டுக்கும் சக்கரத்துக்கும் தனி விலை.

நானும் மனைவியும் காலை 7 மணிக்குக் கிளம்பினால் மாலை 6 மணிக்கு மேல்தான் திரும்புவோம். பகலில் மாமியார் மட்டும் வீட்டில் இருப்பார். ஏர்கான் படுக்கையறையில் மட்டும்தான் இருக்கிறது, அதையும் இரவில்தான் போடுவோம். இந்த நிலையில் வாங்கலாமா?

மாமியார் ஒன்று கேட்கச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கம் கக்குவான் இருமலுக்கு முள்ளெலியின் முள்ளை மருந்தாகக் கொடுப்பார்கள் என்று அவருடைய தாயார் சொல்லியிருக்கிறாராம். அது இதுதானா?

ரெலாவ்_இரவுப்பணி எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் பினாங்கு ரெலாவில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு வேலை. இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது முள்ளெலி, பெயர் மிளகு. முதலில் வளர்த்தது வயதாகி, வாயில் கட்டி வந்து இறந்துவிட்டது. இந்தப் பிராணியை எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

உங்கள் பதிவைப் படிக்கும்போது “மாலை வெயில்” என்ற இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. கடைகளில் விற்பது ஆப்பிரிக்காவின் நான்கு விரல் முள்ளெலி வகையைச் சேர்ந்தது. ஆப்பிரிக்கா என்றதும் எந்த வெயிலையும் தாங்கும் என்று நினைக்கத் தோன்றும். காட்டில் அது பகல் முழுவதும் வளையிலோ புதரடியிலோ நிழலில் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகுதான் வெளியே வரும். கூண்டில் இருப்பதற்கு ஓடி ஒளிய அப்படி ஓர் இடம் இல்லை. அறை 24 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கும். 32-ஐத் தாண்டினால் உடம்பு தத்தளிக்க ஆரம்பித்துவிடும். முதலில் பந்தாகச் சுருளாமல் நான்கு காலையும் பரப்பி வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு படுக்கும். பார்ப்பவர்கள் “எவ்வளவு சுகமாகத் தூங்குகிறது” என்பார்கள். அது சுகம் இல்லை, சூடு தாங்காமல் கிடக்கிறது. அதற்கு மேலும் விட்டால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், எச்சில் வடியும், தள்ளாடும். அந்தக் கட்டத்தில் உயிர் போய்விடலாம்.

மின்விசிறியை ஓடவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். நமக்கு வியர்ப்பதால்தான் காற்றுப் பட்டதும் குளிர்கிறது. முள்ளெலி நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்கும் பிராணி இல்லை. மூடிய வீட்டில் 34 டிகிரிக் காற்றைச் சுழற்றினாலும் அது 34 டிகிரிக் காற்றுதான்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வெப்ப விளக்கும் சூடேற்றும் விரிப்பும் வாங்கிவிடாதீர்கள். அவை குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சொன்னவை. நம் நாட்டில் பகலில் வெக்கை, இரவில் ஏர்கான் என்று இரண்டு பக்கமும் இடி. படுக்கையறையில் பலர் 18 டிகிரி வைத்துவிட்டுப் போர்வைக்குள் போய்விடுகிறார்கள். அந்தக் குளிரில் முள்ளெலி உறக்கநிலைக்குப் போகப் பார்க்கும். ஐரோப்பிய முள்ளெலி பனிக்காலம் முழுவதும் அப்படித் தூங்கி எழும். இந்த வகையின் உடம்பு அதற்குப் பழகியதில்லை, எழாமலே போய்விடக்கூடும். வயிறு சில்லென்று இருந்து, தொட்டாலும் அசையாமல் கிடந்தால் உங்கள் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். வெந்நீரில் விடவே கூடாது. விழித்துக்கொண்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

என் வீட்டில் பகலில் நான் தூங்குவதற்காக ஏர்கான் 26-இல் ஓடும், அதே அறையில் மிளகும் தூங்கும். வேலை இல்லாத இரவுகளில் நான் விழித்திருக்கும்போது அதுவும் விழித்திருக்கும். எங்கள் இருவரின் நேரமும் ஒத்துப்போவதால்தான் இது நடக்கிறது. உங்கள் வீட்டில் நேரம் அப்படியே தலைகீழ். மகள் பள்ளிவிட்டு வந்து கொஞ்ச நினைக்கும்போது அதற்கு நடுநிசி. அவள் தூங்கப் போகும்போது அது சக்கரத்தில் ஏறும். சத்தமே போடாது என்கிறாளே, சக்கரத்தின் சத்தத்தை ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். விடியும்வரை ஓடும், ஓடிக்கொண்டே மலமும் கழிக்கும். காலையில் பார்த்தால் சக்கரம் முழுக்க அப்பியிருக்கும், பாதங்களிலும் காய்ந்து ஒட்டியிருக்கும். நான் வேலைவிட்டு வந்ததும் முதல் வேலையாகக் கைகழுவும் தொட்டியில் விரலின் முதல் கணு அளவுக்கு இளஞ்சூட்டு நீர் விட்டு அதை இறக்கிவிடுவேன். இரண்டு சுற்று நடந்தாலே பாதி ஊறிவிடும். மீதியை மென்மையான பல்துலக்கியால் விரல் இடுக்குவரை துடைக்க வேண்டும். நகம் வெட்டவும் அதுதான் நல்ல நேரம். தண்ணீரில் நிற்கும்போது சுருண்டுகொள்ளாது.

அடுத்தது, கொஞ்சுவது. பூனைபோல் மடியில் வந்து படுக்கும் என்று குழந்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாள். புதுக்கை பட்டால் நெற்றி முள்ளை முன்னால் இழுத்துக்கொண்டு புஸ் புஸ்ஸென்று ஊதிக் குதிக்கும். தினமும் மாலையில் அதே ஆள், அதே வாசனை, அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வாரக்கணக்கில் மெல்லப் பழகும். சில முள்ளெலிகள் கடைசிவரை பழகுவதே இல்லை. அதையும் ஏற்றுக்கொள்கிறவர்தான் வாங்க வேண்டும்.

மகளிடம் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவாள். புதிய வாசனை கிடைத்தால் அந்தப் பொருளை மென்று மென்று வாயில் வெள்ளை நுரை சேர்க்கும். பிறகு கழுத்தை முறுக்கி, நாக்கை முதுகுவரை நீட்டி, அந்த நுரையை முட்களில் அப்பிக்கொள்ளும். அம்மா ஒருநாள் சந்தன சோப்பால் துவைத்த துண்டைப் பக்கத்தில் வைத்துவிட்டார். மிளகு அதன் ஓரத்தைக் கடித்து, ஒரு பக்கம் சாய்ந்து விழுந்து எழுந்து, மறுபடி கடித்து, தோள் இரண்டும் நுரையாகும்வரை விடவில்லை. வலிப்பு வந்துவிட்டதென்று அம்மா கத்தினார். அது நோய் இல்லை, அதன் இயல்பு. எதற்காகச் செய்கிறது என்பது ஆராய்ச்சியாளர்களுக்கே இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை.

ஜோடி வேண்டவே வேண்டாம். இவை தனித்து வாழும் பிராணிகள். இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் இரத்தம் வரும்வரை கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணுமானால் 35 நாளில் குட்டி. தாய்க்குத் தொந்தரவு ஏற்பட்டால் குட்டிகளைத் தின்றுவிடுவதும் உண்டு. ஏங்கிப்போய்விடும் என்று சொல்லி இரண்டாவதை விற்பது உங்கள் மகளுக்கும் அந்தப் பிராணிக்கும் செய்யும் அநியாயம்.

பாட்டியின் கேள்வி என் மனதைத் தொட்டது. அவர் தாயார் சொன்னது உண்மையான வழக்கம்தான். ஆனால் அது வேறு இனம். தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் சென்னை முள்ளெலி, தமிழ்நாட்டின் செம்மணல் தேரிக்காடுகளிலும் புதர்க்காடுகளிலும் இருக்கிறது. 1851-இலேயே அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அந்த முள்ளுக்கு இருமலைத் தீர்க்கும் சக்தி எதுவும் இல்லை. மருந்து என்று பிடித்துப் பிடித்தே அந்தச் சாதுவான உயிர் பல இடங்களில் அரிதாகிவிட்டது. கக்குவானுக்கு நம் பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையிலேயே தடுப்பூசி போட்டாயிற்று என்று பாட்டியிடம் சொல்லுங்கள்.

தைப்பிங்_காரன் எழுதியது:

அக்கா சொல்வது கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. என் சித்தப்பா வீட்டில் ஏர்கானே கிடையாது. அங்கே முள்ளெலி நன்றாகத்தான் இருக்கிறது, நல்ல எடை, நன்றாகச் சாப்பிடுகிறது. இப்படியெல்லாம் பயமுறுத்தினால் யார்தான் வளர்ப்பார்கள்?

ரெலாவ்_இரவுப்பணி எழுதியது:

தம்பி, உங்கள் சித்தப்பா வீடு எப்படிப்பட்டது? தைப்பிங் தீபகற்ப மலேசியாவிலேயே மழை அதிகம் பெய்யும் ஊர். பலகை வீடாக இருந்து, சுற்றிலும் மரம் நின்று, கூரையும் உயரமாக இருந்தால் பிற்பகலிலும் உள்ளே 29, 30-க்கு மேல் போகாது. அங்கே வளர்ப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அண்ணன் வீடோ கடைசி மாடி. காலையிலிருந்து வெயில் வாங்கிய சிமெண்டுக் கூரை இரவு 9 மணிவரை சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். ஏர்கான் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, பிற்பகல் 3 மணிக்குக் கூண்டு இருக்கும் இடத்தில் எத்தனை டிகிரி என்பதுதான் கேள்வி.

“நல்ல எடை” என்றீர்களே, அதையும் ஒருமுறை பாருங்கள். நெற்றியைச் சுளித்துச் சுருளும்போது முழுப் பந்தாக மூட முடிகிறதா? அக்குளில் சதை பிதுங்குகிறதா? கொழுத்த முள்ளெலிக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும். இங்கே பலர் மாவுப்புழுவை அளவில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள், அதில் கொழுப்பு அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. அன்றாட உணவுக்குப் புரதம் மிகுந்த, கொழுப்பு குறைந்த பூனைத்தீனி போதும். அதனுடன் கொஞ்சம் பூச்சி, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி அல்லது முட்டை. பால் செரிக்காது. வெங்காயம், பூண்டு, திராட்சை, வெண்ணெய்ப்பழம், சாக்லேட் எதுவும் ஆகாது. வேர்க்கடலை மேலண்ணத்தில் சிக்கிக்கொள்ளும். வீட்டில் பிடித்த கரப்பானைப் போடாதீர்கள், அது எந்த மருந்தைத் தின்றிருக்கிறதோ. கூண்டு இருக்கும் அறையில் கொசுவர்த்தியோ பூச்சிமருந்துத் தெளிப்போ வேண்டாம். எறும்புக்குப் பொடி தூவாமல், மேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அந்தக் காலத்தில் சமையலறை அலமாரிக்குச் செய்தது இதற்கும் போதும்.

கெப்போங்_விலங்குமனை எழுதியது:

நான் கோலாலம்பூரில் ஒரு விலங்குநல மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். எங்களிடம் வரும் முள்ளெலிகளை வைத்துச் சில வார்த்தைகள்.

வாங்குவதற்கு முன்பே மருத்துவரைத் தேடிவையுங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கும் இடங்களே அதிகம். தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சுருண்டுகொண்ட முள்ளெலியின் வாயையோ வயிற்றையோ பார்க்க முடியாது. அதனால் முழுமையாகச் சோதிப்பதற்கே பெரும்பாலும் வாயு மயக்கமருந்து கொடுக்க வேண்டிவரும். “சும்மா பார்ப்பதற்கு இவ்வளவு கட்டணமா” என்று பலர் வருத்தப்படுகிறார்கள். காரணம் இதுதான்.

எங்களிடம் அடிக்கடி வருவது தோலில் ஒட்டி வாழும் சிற்றுண்ணித் தொல்லை. முள் கொத்துக் கொத்தாக உதிரும், காதோரத்தில் பொடுகுபோல் தோல் உரியும். குட்டிப் பருவத்தில் முள் உதிர்ந்து புது முள் முளைப்பது இயல்பு. ஆனால் உதிர்ந்த இடம் வழுக்கையாகவே நின்றால் அழைத்து வாருங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை அளவு குறைத்து ஊற்றுவது பேராபத்து. மூன்று வயதுக்குப் பிறகு கட்டிகள் அதிகம் வருகின்றன. பின்னங்கால் தள்ளாடத் தொடங்கி மெல்ல மெல்ல உடல் முழுவதும் செயலிழக்கும் நரம்பு நோய் ஒன்றும் இருக்கிறது. அதற்குச் சிகிச்சை இல்லை. ஆயுளே பெரும்பாலும் 4 முதல் 6 ஆண்டுகள்தான். உங்கள் மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று படிக்கும்போது அதை இழக்க நேரலாம்.

முடியே இல்லை என்பதும் சரியன்று. முகத்திலும் வயிற்றிலும் முடி உண்டு. முள் குத்திய இடத்தில் சிலருக்குத் தடிப்பும் அரிப்பும் வரும். உங்கள் மனைவி முதலில் ஒரு முள்ளெலியைக் கையில் வைத்துப் பார்க்கட்டும். முள்ளெலி நோயில்லாமல் தெரிந்தாலும் அதன் மலத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். 2019-இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், முள்ளெலியால் இந்தக் கிருமி பரவியதைக் கண்டு, அதை முத்தமிடவோ முகத்தோடு அணைக்கவோ வேண்டாம் என்று எச்சரித்தது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் அதன் கிண்ணத்தைக் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோ உடல் தளர்ந்த முதியவரோ வீட்டில் இருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை.

அனுமதி தொடர்பாகக் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். சிங்கப்பூரில் முள்ளெலி வளர்க்கத் தடை இருக்கிறது, உறவினர் வீட்டுக்குக்கூட எடுத்துப் போக முடியாது.

செந்தூல்_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சகோதரி சொன்னபடி ஒரு வெப்பமானி வாங்கி, கூண்டு வைக்க நினைத்திருந்த மூலையில் வைத்தேன். பிற்பகலில் பார்த்து எழுதும் பொறுப்பை மாமியார் ஏற்றுக்கொண்டார். பள்ளி நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறார். 33, 34, மழை பெய்த அன்று மட்டும் 30. படுக்கையறையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பகல் முழுவதும் ஏர்கான் போட்டால் மின்கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

மகளிடம் அந்த நோட்டைக் காட்டினேன். அழுதாள். பிறகு, உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால் போதாதா என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

ரெலாவ்_இரவுப்பணி எழுதியது:

அண்ணா, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். போத்தலும், படுத்துக்கொள்ளக் குளிர்ந்த தரை ஓடு ஒன்றும் உதவும். மின்சாரம் தடைபட்டால் நானும் அதைத்தான் செய்வேன். சில மணிநேரத்துக்கு அது தாக்குப்பிடிக்கும், பிறகு யாராவது மாற்ற வேண்டும். உங்கள் வீட்டில் அந்த வேலை பாட்டியின் தலையில்தான் விழும். அவர் ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டால் பழி அவர்மேல் வரும். அப்படி ஒரு பாரத்தை அவருக்குக் கொடுக்க வேண்டாம். இப்போதைய வீட்டில் வேண்டாம் என்பதுதான் என் பதில். கீழ்மாடிக்கோ வெயில் படாத பக்கத்துக்கோ வீடு மாறினால் மறுபடி வெப்பமானியை வைத்துப் பாருங்கள். அப்போதும் கடைக்குட்டியை வாங்காதீர்கள். வளர்க்க முடியாமல் கொடுத்துவிட நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், வளர்ந்ததாக, குணம் தெரிந்ததாக ஒன்றை எடுங்கள்.

முள்ளெலிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிராணி நம் நாட்டுக் காடுகளிலேயே இருக்கிறது என்றும் மகளிடம் சொல்லுங்கள். மலாயில் அதற்குத் தீக்குஸ் பூலான் என்று பெயர். முள் கிடையாது. பெரிய எலி மாதிரி நீண்ட மூக்கு, இரவில் திரியும், அழுகிய வெங்காய நாற்றம் அடிக்கும். பள்ளியில் அறிவியல் செயல்திட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் ஆசிரியரே வியந்துபோவார்.

செந்தூல்_அப்பா எழுதியது:

புரிந்தது. மகளும் ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். ஆனால் நிபந்தனை போட்டுவிட்டாள், ஒரு முள்ளெலியையாவது தொட்டுப் பார்க்க வேண்டுமாம். பள்ளி விடுமுறையில் பட்டர்வொர்த்தில் என் தங்கை வீட்டுக்கு வருகிறோம். சிரமம் இல்லையென்றால் உங்கள் மிளகைப் பார்க்க வரலாமா?

ரெலாவ்_இரவுப்பணி எழுதியது:

தாராளமாக வாருங்கள் அண்ணா, அண்ணியையும் பாட்டியையும் அழைத்து வாருங்கள். எனக்கு வேலை இல்லாத நாளை உள்பெட்டியில் அனுப்புகிறேன். இரவு 9 மணிக்குப் பிறகு வாருங்கள், அதற்கு முன் மிளகை எழுப்ப மாட்டேன். மகள் அன்று வாசனைத் தைலமோ கையில் களிம்போ பூசிக்கொள்ளாமல் வரட்டும். பழைய பருத்தித் துண்டு ஒன்றில் ஓர் இரவு தலைவைத்துத் தூங்கிவிட்டு அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் துண்டைக் கூண்டில் வைப்போம், பிறகு கையை நீட்டலாம்.